தொட்டால் காய்ந்திருக்கிறது என்பது போதாது

கான்கிரீட் தரையைத் தொட்டுப் பார்த்து ஈரம் தெரியாவிட்டால் உடனே சீலர் (தரையைக் காக்க அடிக்கும் மேல்பூச்சு) அடிக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதையே பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

கான்கிரீட் மேலிருந்துதான் காயும். மேற்பரப்பு வெளுத்து உலர்ந்திருக்கும்போதே உள்ளே நுண்துளைகளில் தண்ணீர் இருக்கும். அதன்மேல் அக்ரிலிக், எபாக்ஸி மாதிரி படலமாகப் படியும் சீலரை அடித்தால், மேலே வரும் ஆவிக்குப் போக வழியில்லை. கொப்புளம் விடும், பால் சிந்தியது போல வெளுக்கும், பிறகு தோலாக உரிந்து வரும். (அப்போது நாம் திட்டுவது சீலரைத்தான்!)

நீங்களே சோதித்துவிடலாம். 18 அங்குலச் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். கான்கிரீட்டின் ஈரத்தைச் சோதிப்பதற்கான ஏஎஸ்டிஎம் டி4263 என்ற தரநிலை சொல்லும் முறை இதுதான். பிரிக்கும்போது ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கருத்திருந்தாலோ இன்னும் பொறுங்கள். நேர் வெயில் படாத இடத்தில் ஒட்டுங்கள். சூடு பட்டால் முடிவை நம்ப முடியாது.