ஞாபகம் இல்லண்ணே

மதுரை செல்லூர்ப் பக்கம் எங்களுக்கு ராத்திரி புரோட்டாக் கடை. பதினெட்டு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். கவர்மெண்டு சரக்குக் கடையை 10 மணிக்குச் சாத்துவான், பத்தேகாலுக்கு எங்கள் பெஞ்சு நிறையும். குடியைப் பற்றிப் பேச எனக்குப் பட்டம் ஒன்றும் கிடையாது. தினமும் இரண்டு மணி நேரம் கண்ணெதிரே பாடம் நடக்கிறது, அவ்வளவுதான்.

போன புரட்டாசியில் ஒரு நாள். அந்த மாசம் பாதிப் பேர் கவிச்சி தொடமாட்டார்கள், வியாபாரம் மந்தம், அதனால் எல்லாவற்றையும் நின்று பார்க்க முடிந்தது. வாடிக்கையாக வருகிற ஆள், நாற்பது வயசு இருக்கும். கொத்துப் புரோட்டா சொன்னார். சால்னா வருவதற்கு ஒரு நிமிஷம் தாமதம். எழுந்து சப்ளை பையனைப் பளாரென்று ஓர் அறை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், பத்தொன்பது வயசு. கையிலிருந்த வாளி கவிழ்ந்து சட்டையெல்லாம் எண்ணெய். நான் கல்லாவைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அடுத்த அடிக்குக் கை ஓங்கியாயிற்று.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் போலீஸ் ரோந்து ஜீப் மெதுவாக வந்தது. ஓங்கிய கை அப்படியே இறங்கித் தலைமுடியைக் கோதியது. ஆள் உட்கார்ந்துவிட்டார். ஜீப் திரும்பி மறைகிற வரைக்கும் பச்சப் பிள்ளை மாதிரி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனதும் மறுபடி சலம்பல். கடைசியில் காசு கொடுத்து மிச்சம் வாங்கும்போது, நான் கொடுத்த பத்து ரூபாய் நோட்டு ஓரத்தில் கிழிந்திருக்கிறது என்று வேறு நோட்டு கேட்டார்.

மறுநாள் சாயங்காலம் வந்தார். "அண்ணே, நேத்து போதைல என்ன பண்ணேன்னே ஞாபகம் இல்லண்ணே. மனசுல வச்சுக்காதீங்க." என்னிடம்தான் சொன்னார். பையன் மூணடி தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

கேமரா பதிவைப் போட்டுக் காட்டினேன். அறைந்த இடத்தைக் காட்டவில்லை, முடியைக் கோதிய இடத்தைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

ஞாபகம் இல்லை என்று அவர் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். மளமளவென்று குடிக்கும்போது, நடப்பதைப் பதிந்து வைக்கிற மூளைப் பகுதி (ஹிப்போகாம்பஸ் என்கிறார்கள்) வேலையை நிறுத்திவிடும். ஆள் நடப்பான், பேசுவான், வண்டிகூட ஓட்டுவான், காலையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் பதிவாகவில்லை என்பதும் நடக்கும்போது தெரியவில்லை என்பதும் ஒன்றா? என் கேமராவில் மெமரி கார்டைக் கழற்றி வைத்தாலும் லென்ஸ் பார்த்துக்கொண்டுதானே இருக்கும்.

சாராயம் ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைதான் 'வேண்டாம், பொறு' என்று நம்மை இழுத்துப் பிடிப்பது. அது தளர்ந்துவிடுகிறது. குடித்தவனுக்கு எது கண்முன்னே நிற்கிறதோ அதுதான் உலகம், நாளைக்கு என்பது மங்கிவிடும். அதனால்தான் சால்னா வராததே பெரிய அவமானமாகத் தெரிகிறது. ஜீப் வந்ததும் ஜீப் பெரிசாகிவிட்டது, கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. சரி. வீட்டுக்காரியும் சப்ளை பையனும் ஏன் ஒருநாள்கூட அந்த ஜீப் அளவுக்குப் பெரிசாகத் தெரிவதில்லை? எனக்குப் புரியாத இடம் அதுதான். அது சரக்கில் கலந்து வருவதில்லை. குடிக்கும் முன்பே உள்ளே இருப்பது.

1970களில் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். வோட்கா என்று சொல்லி வெறும் டானிக் தண்ணீரை (கசப்புச் சோடா மாதிரி ஒன்று) கொடுத்தார்கள். வோட்காவைக் கலந்துவிட்டு வெறும் டானிக் என்றும் கொடுத்தார்கள். உள்ளே போனது எது என்பதைவிட, குடித்திருக்கிறோம் என்கிற நினைப்புக்குத்தான் பலபேர் ஆடினார்கள், கோபத்தைக் காட்டியதும் அப்படித்தான். கை நிதானம் தப்புவது சரக்கின் வேலை. யார் மேல் கை வைக்கலாம் என்பது ஊர் சொல்லிக் கொடுத்த பாடம். நம் ஊரில் கட்டிங் அடித்தவனுக்குக் கத்த உரிமை உண்டு என்று சின்னப் பிள்ளைக்கே தெரியும்.

1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்துக்கே இதில் தெளிவு இருந்தது. ஒருவனுக்குத் தெரியாமலோ அவனைக் கட்டாயப்படுத்தியோ போதை ஏற்றியிருந்து, என்ன செய்கிறோம், அது தப்பா என்பதே தெரியாத நிலையில் அவன் செய்தால்தான் விலக்கு. 85ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 23ஆவது பிரிவில் அதேதான். தானாகப் போய் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை. கோர்ட்டில் செல்லாத சாக்கு வீட்டில் மட்டும் செல்கிறது. "அவுக நல்லவுகதான், தண்ணி போட்டாத்தான் இப்படி" என்று அடிவாங்கினவளே வக்காலத்து வாங்குகிறாள்.

இதுவரை படித்துவிட்டு 'சபாஷ், குடிகாரப் பயலுகளை நல்லா கேட்டீங்க' என்று கமெண்ட் போட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

என் தாய்மாமா இருபது வருஷக் குடி. யாரையும் அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை வாயில் வராது. காலையில் எழுந்ததும் கை நடுங்கும், டீ கிளாசைப் பிடிக்க முடியாது. ஒரு வாய் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும். கடை திறப்பதே மதியம் 12 மணிக்குத்தான் என்பதால் முந்தின ராத்திரியே கொஞ்சம் மிச்சம் பிடித்து வைப்பார். எட்டு வருஷத்துக்கு முன்னால், வீட்டில் எல்லோரும் அழுது, அவரும் அழுது, சபரிமலைக்கு மாலை போட்டார். அன்றைக்கே குடியை அடியோடு நிறுத்தினார்.

இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது. தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி சுவரைக் காட்டி "எறும்பு சாரை சாரையா வருதுடா, கதவச் சாத்து" என்று என்னைக் கூப்பிட்டார். வேட்டியிலிருந்து எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் ஒரு எறும்பும் தெரியவில்லை. விடியற்காலையில் வலிப்பு.

சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "மாலையப் போட்டுக்கிட்டுத் திருட்டுத்தனமா குடிச்சிருக்கான், சாமி கேட்டுருச்சு." அந்த மனுஷன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மூன்று நாள் அது.

108இல் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டரம்மா எனக்கு விளக்கினார். வருஷக்கணக்காகச் சாராயம் மூளையை அமுக்கி வைத்திருக்கிறது. மூளையும் எதிர்த்து முட்டிக்கொண்டே பழகிவிட்டது. திடீரென்று அமுக்கிய கையை எடுத்தால் அது எகிறிக் குதிக்கும். நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணில் படுவது எல்லாம் அதனால்தான். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். "நிறுத்துனது தப்பில்லங்க, வீட்ல வச்சு நிறுத்துனதுதான் தப்பு" என்றார். பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். தூக்க மாத்திரை மாதிரி ஒன்றைக் கொடுத்து நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். பத்து நாள். இன்றைக்கு மாமா குடிப்பதில்லை. நடுவில் இரண்டு தடவை சறுக்கியதையும் சொல்லிவிட வேண்டும்.

சப்ளை பையனை அறைந்தவருக்கு 'போதை, பாவம்' என்கிறோம். கை நடுங்குகிற என் மாமாவை 'மனசு வச்சா விடலாம், கொழுப்பு' என்று வைகிறோம். ரெண்டும் தலைகீழ். நடுக்கம் மனசைப் பொறுத்ததில்லை, அதற்கு மருந்து வேண்டும். அறை முழுக்க முழுக்க மனசைப் பொறுத்தது.

இப்போது பெஞ்சில் வேறொரு கூட்டமும் வருகிறது. இருபதைத் தாண்டாத பயலுகள். கஞ்சா அடித்தவன் சத்தமே போடமாட்டான், சிரித்துக்கொண்டே ஏழு புரோட்டா தின்பான், அதனால் ஊருக்குத் தொந்தரவாகத் தெரிவதில்லை. இதில் ஒருத்தன், நல்லா வேலை பார்த்தவன், கொஞ்ச நாளாக எல்லோரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மூலையில் முதுகைச் சாய்த்து உட்காருகிறான். சின்ன வயசிலேயே பழகினால் சிலருக்கு மனநோய் வரைக்கும் இழுத்துவிடும். அவன் அப்பாவிடம் சொன்னேன், என்மேல்தான் கோபப்பட்டார். அபின் ரக வலி மாத்திரையைப் போதைக்குப் போடுகிறவன் இன்னும் மோசம். சரக்கோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும்.

அரசாங்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதாவிட்டால் கேட்பீர்கள். டாஸ்மாக் ஆரம்பித்தது 1983இல், தானே கடை போட்டு விற்க ஆரம்பித்தது 2003இல். இப்போது வருஷத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். நடுக்கம் நிற்க வைக்கிற படுக்கை எத்தனை வார்டில் இருக்கிறது என்று யாராவது சட்டசபையில் கேட்டால் தேவலை.

அந்த வாடிக்கையாளர் கேமரா விஷயத்துக்குப் பிறகு வரவில்லை. கார்த்திகை பிறந்து ஒரு வாரம் கழித்து எதிர் டீக்கடையில் பார்த்தேன். கறுப்பு வேட்டி, துளசி மாலை, நெற்றி நிறையச் சந்தனம். கை நடுங்கவில்லை, கிளாசை நிதானமாகப் பிடித்திருந்தார். ஒரு மண்டலம் சரக்கு இல்லாமல் இருக்க அவரால் முடிகிறது. எங்கள் பையன் பால் வாங்க அந்தப் பக்கம் போனான். "சாமி சரணம்" என்றார். பையனும் "சாமி சரணம்" என்று சொல்லிவிட்டு, தூக்குவாளியோடு திரும்பி வந்து மாவு பிசைய உட்கார்ந்தான்.

"என்னடா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"சரணம் சொன்னாருண்ணே."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலண்ணே."