உன் பெயர் என்னப்பா?

இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாட்களாக இருந்தேன். ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுது போகவில்லை, அதனால் எதையாவது எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்ற பேச்சு என் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனால் இன்று காலை அதே காணொளியை ஐந்தாவது குழுவில், "எளிமையின் சிகரம்" என்ற தலைப்போடு பார்த்தேன். காபி ஆறிப்போனது. இனி எழுதாமல் இருக்க முடியாது.

எந்தக் காணொளி என்று சொல்லத் தேவையில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் பகிர்ந்தும் விட்டீர்கள். ஓர் உயர் அதிகாரியின் பணி நிறைவு விழா. அவருடைய நாற்பது நிமிடப் பேச்சு. தலைமைப் பண்பு என்றால் என்ன, மனித உறவுகளை எப்படிப் பேண வேண்டும், "என் சேவையில் நான் சேர்த்த ஒரே சொத்து மனிதர்கள்தான்". உடன் தேர்வெழுதியவர்கள், மேலே இருந்த அதிகாரிகள், அமைச்சர்கள் எல்லோரையும் இனிஷியலோடு சொன்னார். 1994இல் எந்த அமைச்சரின் நேர்முக உதவியாளர் தனக்கு மோர் கொடுத்தார் என்பது வரை நினைவில் இருந்தது. கடைசியில், "நம் டிரைவரை மறந்துவிடக் கூடாது" என்று பின்னால் திரும்பி, மைக்கைக்கூட மூடாமல் கேட்டார்: "உன் பெயர் என்னப்பா?"

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். மாலைகளும் சால்வைகளும் நிறைந்த பையை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற ஓட்டுநரும் சிரித்தார்.

அந்த மூன்றாவது சிரிப்பை நீங்கள் கவனித்தீர்களா? நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறு ஆண்டுகள் அவருக்கு வண்டி ஓட்டியவர். அவரை எனக்குத் தெரியும், அதற்கு முன் எங்கள் அலுவலக ஜீப்பை ஓட்டியவர்தான். விடியற்காலை ரயிலுக்குக் காட்பாடி ஜங்ஷனில் கொண்டுபோய் விட்டதும், நள்ளிரவு ரயிலுக்குக் காத்திருந்து அழைத்து வந்ததும் அவர்தான். ஐயாவுக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது சாப்பாட்டுக்குப் பின் என்பது அவருக்குத் தெரியும். ஐயாவுக்கு அவர் பெயர் தெரியாது. இதற்குப் பெயர் எளிமை என்றால், எளிமை இல்லாதவர் எப்படி இருப்பார் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

"அவர் டிரைவரை மேடையில் நினைவுகூர்ந்ததே பெரிது, எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்?" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, நினைவுகூர்வதற்கு முதலில் நினைவு வேண்டும். "வயதானால் பெயர் மறக்கும்" என்கிறார் இன்னொருவர். மோர் கொடுத்தவரின் பெயர் மறக்கவில்லையே!

பெயர் என்பது சின்ன விஷயம், இதைப் போய்ப் பெரிதாக்குகிறேன் என்று சொல்பவர்களுக்கு நம் ஊர்க் கதையையே சொல்கிறேன். வேலூர் மக்கானில் நிற்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைத் தினமும் கடந்து போகிறோம். ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று மாலை போடுகிறோம். 1806இல் என்ன நடந்தது? நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியைத் திருத்து, புதுத் தலைப்பாகையைப் போடு என்று சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிராடக் பெயரில் உத்தரவு வந்தது. மே மாதம் முடியாது என்று சொன்ன சிப்பாய்களுக்குக் கசையடி. ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற ஒரு சிப்பாய் தன் கர்னலிடம் போய், கோட்டைக்குள் சதி நடக்கிறது என்று சொன்னார். கர்னல் என்ன செய்தார்? விசாரிக்கும் பொறுப்பை இந்தியப் படை அதிகாரிகளிடமே கொடுத்தார். அவர்களில் பலர் அந்தச் சதியிலேயே இருந்தவர்கள். இவன் பைத்தியம் என்று அவர்கள் சொன்னார்கள், சொன்னவரை விலங்கிட்டுப் பூட்டிவைத்தார்கள். ஒரு மாதம் ஆகவில்லை. ஜூலை 10 அதிகாலையில் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து இறங்கிய பிறகு நடந்தது தனிக் கொடுமை. பிறகு கிராடக்கையும், ஆளுநராக இருந்த பென்டிங்கையும் லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

"முஸ்தபா பேக் காட்டிக்கொடுத்தவன், அவனையா உதாரணம் காட்டுகிறீர்கள்?" என்று கேட்கத் தயாராகிவிட்டீர்கள், தெரியும். நான் சிப்பாய்களின் பக்கம்தான். இந்த ஊரில் பிறந்து வேறு எந்தப் பக்கம் இருப்பேன்? நான் இங்கே பேசுவது அலுவலகம் நடத்துவதைப் பற்றி. அந்தக் கர்னலுக்குத் தன் படையில் யார் எப்படிப்பட்டவன் என்று தெரிந்திருந்தால், வந்தவன் பைத்தியமா இல்லையா என்று மூன்றாவது ஆளைக் கேட்டிருப்பாரா? முகம் தெரியாதவன் சொல்வது அதிகாரியின் காதில் ஏறாது. இதைத்தான் சொல்கிறேன், இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இப்போது அடுத்த கேள்வி. "நீங்கள் மட்டும் யோக்கியமா?" நேற்று ஒருவர் உள்பெட்டியில் வந்தே கேட்டார். என்னோடு வேலை செய்தவர், அதனால் கேட்கிறார். சரி, சொல்கிறேன்.

2021 நவம்பர். பாலாற்றில் எங்கள் தலைமுறை பார்த்திராத வெள்ளம். அப்போது நான் துணை வட்டாட்சியர். இரவு எட்டு மணி இருக்கும். கரையோரக் கிராமம் ஒன்றின் தலையாரி, தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, நனைந்தபடி என் ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றார். "அம்மா, ஆற்றின் சத்தம் மாறிவிட்டது. வேரோடு மரம் வருகிறது. கீழ்த்தெருவைக் காலி செய்துவிடலாம்" என்றார். என் கையில் கைப்பேசி. அதில் குழுத் தகவல், எவ்வளவு கனஅடி, எத்தனை மணிக்கு என்று வரிசையாக. "மேலே இருந்து தகவல் வரட்டும் தலையாரி, நீங்கள் பீதியைக் கிளப்பாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன்.

அவர் பதில் பேசவில்லை. "சரி அம்மா" என்றார். நான் போனதும் தெருவில் இறங்கி, தகரத்தைத் தட்டி, பதினான்கு குடும்பங்களை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நள்ளிரவு தாண்டிக் கீழ்த்தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஒரு உயிர் போகவில்லை. என்னால் போகாமல் இருந்ததா? இல்லை.

விடிந்ததும் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். மக்களை வெளியேற்றிய பணியாளரின் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. கிராம நிர்வாக அலுவலரிடம் குரலைத் தாழ்த்தி, "அவர் பெயர் என்ன?" என்று கேட்டேன். அவரும் ஒரு நொடி விழித்தார். அவருக்கும் அவர் தலையாரிதான். மூன்றடி தள்ளி உப்புமா அண்டாவில் கரண்டியோடு நின்றவர், திரும்பாமலே தன் பெயரைச் சொன்னார். மூன்றெழுத்துப் பெயர். சம்பளப் பட்டியலில் மாதாமாதம் என் கண்ணில் பட்டிருக்கும். நான்கு ஆண்டுகளில் ஒரு நாளும் அதை அந்த முகத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

ஆகவே நான் யோக்கியம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. யோக்கியர்கள் மட்டும்தான் பேச வேண்டும் என்றால் இந்த நாட்டில் யாருமே வாயைத் திறக்க முடியாது. உள்பெட்டி நண்பர் உட்பட.

"அவர் ஒரு ரூபாய் லஞ்சம் வாங்காதவர்" என்பது அடுத்த வாதம். தெரியும். அதை நான் மதிக்கிறேன், மனதாரத்தான் சொல்கிறேன். ஆனால் கை சுத்தமாக இருந்தால் கூட இருப்பவன் பெயர் தெரிய வேண்டியதில்லை என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது? தமிழ்நாட்டில் பிறந்து ஆந்திரத்தில் பணியாற்றிய எஸ்.ஆர். சங்கரனும்தான் நேர்மையானவர். கொத்தடிமைகளை மீட்பதற்காக உழைத்தவர், பத்ம பூஷன் விருதையே வேண்டாம் என்றவர். அவரை மக்களின் ஐ.ஏ.எஸ். என்று சொன்னது லஞ்சம் வாங்கவில்லை என்பதற்காக மட்டுமா?

சாதியை உள்ளே கொண்டு வராதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார் ஒருவர். நான் எங்கே கொண்டு வந்தேன்? எந்தப் பெயர் நினைவில் நிற்கிறது, எது நிற்பதில்லை என்று மட்டும்தான் கேட்கிறேன். உங்களுக்கு உடனே சாதி ஞாபகம் வந்தால் அது என் குற்றம் இல்லை.

என் அப்பா குடியாத்தத்தில் தபால்காரர். "நெட்டை மேஸ்திரி, தறிக்காரத் தெரு, குடியாத்தம்" என்று மட்டும் முகவரி எழுதிய கார்டு வரும். அப்பா சரியான வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய்க் கொடுப்பார். நெட்டை மேஸ்திரி இறந்து அவருடைய மகன் குட்டையாக இருந்தபோதும் அதே முகவரிக்குக் கார்டு வந்தது, அப்பாவும் கொடுத்தார். தலைமைப் பண்பு பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை, யாரும் அவரைப் பேசக் கூப்பிடவும் இல்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். மூன்றாவது மாதமே நின்றுவிட்டது.

எங்கோ போய்விட்டேன்.

இல்லை, எங்கும் போகவில்லை. எனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் 1990இல் வேலையில் சேர்ந்தபோது நியமன ஆணையில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருந்தது. பிறகு அது வேலூர் ஆனது. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. அத்தனைக்கும் கோப்பு கட்டியவள், எந்தக் கிராமத்தின் அ-பதிவேடு என்ற நிலப் பதிவேடு எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து பிரித்தவள். 2023இல் ஓய்வு பெற்றேன். என் பணி நிறைவு விழாவில் வாழ்த்த வந்த அதிகாரி தாளை எடுத்துப் படித்தார். நில அளவைத் துறையில் நான் ஆற்றிய அரும்பணிகளை ஐந்து நிமிடம் பாராட்டினார்.

நான் ஒரு நாளும் நில அளவைத் துறையில் இருந்ததில்லை. வேறு யாருக்கோ எழுதிய தாள்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மகள் முன்வரிசையில் இருந்தாள், அவள் சிரிக்கவில்லை. இப்போது புரிகிறதா, அந்த ஓட்டுநரின் சிரிப்பை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்று?

விழா முடிந்து வெளியே வந்தால், வாசல் வேப்பமரத்தடியில் அந்தத் தலையாரி நிற்கிறார். கையில் மஞ்சள் பை நிறைய இலவம்பாடி முள் கத்திரிக்காய். "உள்ளே வந்திருக்கலாமே" என்றேன். "பரவாயில்லை அம்மா" என்றார். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஆனால் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், அந்த இரவில் நடந்ததை மைக்கில் சொல்லவில்லை. அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கத்திரிக்காயின் காம்பை நறுக்கும்போது முள் குத்தியது, அப்போதுதான் தோன்றியது.

கடைசியாக ஒன்று. "இவ்வளவு பேசுகிறீர்களே, அந்த ஓட்டுநரின் பெயரை நீங்களாவது எழுதுங்கள்" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. எழுதத்தான் நினைத்தேன். கேட்காமல் எழுதக் கூடாது என்று மதியம் அவருக்குப் போன் செய்தேன். காணொளியை அவரும் பார்த்திருக்கிறார், அவருடைய மகன்தான் காட்டினானாம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "பெயரைப் போட்டுவிடாதீர்கள் அம்மா. நான்கு மாதத்தில் எனக்கும் ஓய்வு. கோப்பு மேலே போயிருக்கிறது."