கே.ஆர்.பி. அணையில் விண்ட்சர்ஃபிங்?
பாய் பொருத்திய பலகையில் நின்றபடி காற்றின் விசையில் தண்ணீரில் சறுக்கிப் போவதுதான் விண்ட்சர்ஃபிங். அதன் பந்தய ஆர்வலர் ஒருவரைப் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு "நம்ம கிருஷ்ணகிரி அணையில் இது நடக்குமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ஆடியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுற்றிலும் குன்றுகள், அதனால் சீராக வராது, விட்டுவிட்டு அடிக்கும். பழகுபவருக்கு 180 லிட்டருக்கு மேற்பட்ட கன அளவுள்ள பலகை, 4–5 சதுர மீட்டர் பாய், மணிக்கு 15–20 கி.மீ. காற்று போதும்.

பாய் கட்டுவதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். முதலில் பாய்மரத்தின் அடிக்கயிறு: உச்சியில் பாயின் பின்விளிம்பு லேசாகத் தொளதொளக்கும்வரை இழுக்கணும். பிறகுதான் பூம் (கையால் பிடித்துக்கொள்ளும் குறுக்குக் கம்பி) நுனிக் கயிறு, அதுவும் கொஞ்சமாக. அடிக்கயிறு தளர்ந்திருந்தால், குப்பென்று காற்று அடிக்கும்போது பாரமெல்லாம் பின்கையில் இறங்கும், ஆள் தண்ணீரில். பூம் தோள் உயரத்தில் இருக்கட்டும். பாய்மரத்தைப் பலகையோடு சேர்க்கும் ரப்பர் மூட்டை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். நடுத்தண்ணீரில் அறுந்தால் பலகையை விட்டு நீந்தவே கூடாது.

ஆகாயத்தாமரை இருக்கும் இடத்தில் நேரான ஃபின் (பலகைக்கு அடியில் இருக்கும் மீன் துடுப்பு போன்ற தகடு) சிக்கிக்கொள்ளும், பின்னோக்கிச் சாய்ந்தது வேண்டும். மீன்வலைக்கு எதுவும் உதவாது, விலகித்தான் போகணும். மதகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். ஒகேனக்கல்லா? அந்தப் பாறையும் இழுப்பும் பரிசல்காரர்களுக்கே சரி. எதற்கும் முன்னால் நீர்வளத்துறை அனுமதி.