காத்தாடியைத் தவிர ஒண்ணும் இல்லையாம்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நேற்றிலிருந்து எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள். முப்பந்தல் காற்றாலைகளுக்கு முன்னால் முடி பறக்க நின்றுகொண்டு ஒரு தம்பி சொல்கிறார்: "இங்க காத்தாடியைத் தவிர ஒண்ணும் இல்ல மக்களே, ரெண்டு போட்டோ எடுத்துட்டுக் கன்னியாகுமரி போயிடுங்க." சரி தம்பி. நீங்கள் நின்றது ஒரு நாட்டின் வாசலில்.

வாசல் என்று சும்மா சொல்லவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற நேரத்தில் விட்டுக்கொடுத்த இடைவெளி, முப்பந்தலை ஒட்டிய ஆரல்வாய்மொழிக் கணவாய். திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குள் படை நடத்த இதைவிட வசதியான வழி தெற்கே கிடையாது. அதனால்தான் கணவாயின் குறுக்கே அரண் போட்டார்கள், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயை வைத்தே கடலோரம் வட்டக்கோட்டையைப் பலப்படுத்தினார்கள். 1809 பிப்ரவரியில், ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாயின் ஆட்கள் காத்து நின்ற அந்த அரணை, ஆங்கிலேயப் படை இரவோடு இரவாகத் தென்பக்க மலையில் ஏறிப் பிடித்தது. வாசல் போனபிறகு வீடு நிற்குமா? அடுத்த மாதமே மண்ணடியில் தளவாய் உயிரை விட்டார். ஆனால் இங்கே ஒண்ணும் இல்ல.

"தோத்த சண்டைக்கு என்ன சார் பெருமை?" என்று ஒருவர் வருவார். கைபர் கணவாயில் தோற்றவர்கள் கதையை மட்டும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யவில்லையா நாம்?

சின்ன வயதில் அப்பாவோடு பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவோம். வள்ளியூர் தாண்டியும் பனையும் உடைமரமும்தான், நான் தூங்கிவிடுவேன். முப்பந்தலில் ஆனிக் காற்று ஷட்டரைப் படபடவென்று அடிக்கும். "எழும்பு மக்களே, நம்ம வாசல் வந்தாச்சு" என்று அப்பா தோளைத் தட்டுவார். மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்து விலகும், தோவாளையில் பிச்சிப்பூ வாசம், அப்புறம் வயல், மேகம் உட்கார்ந்த மலை, பத்தே நிமிஷத்தில் வேறு சீதோஷ்ணம். மக்களே என்பது எங்கள் பக்கம் பெற்றவர்கள் பிள்ளையைக் கூப்பிடுகிற சொல் தம்பி, சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்கிற சொல் இல்லை.

காற்றாலைக்கு நான் எதிரி இல்லை, கரண்டு எனக்கும் வேண்டும். ஆனால் அந்த ராட்டைகள் வருவதற்கு எவ்வளவோ முன்பே அங்கே ஒரு மலைக்குப் பெயர் காற்றாடிமலை. 1752இல், கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்ற மலை. 2022இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. ரோமாபுரிக்குத் தெரிந்த மலை, கண்ணுக்கு எதிரே நின்ற கேமராவுக்குத் தெரியவில்லை.

சின்னப் பையன், விட்டுவிடுங்கள் என்கிறீர்கள். விட்டிருப்பேன். அந்த வீடியோவை எனக்கு முதலில் அனுப்பியது சென்னையிலிருக்கும் என் மகன். கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று, கீழே "அப்பா, உங்க ஊரு."

உங்க ஊராம்.