விசாரணையில் அடிக்கச் சட்டம் அனுமதி தருகிறதா? இல்லை

"புதுச் சட்டம் வந்தாச்சு, இனி ஸ்டேஷனில் அடித்து விசாரிக்கலாம், ஒத்துக்கொண்டால் கேஸ் முடிந்தது" என்று ஒரு செய்தி தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது பொய்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுத் தண்டனைச் சட்டத்தின் 120ஆம் பிரிவு நேர் எதிராகச் சொல்கிறது. வாக்குமூலம் வாங்கக் காயப்படுத்தினால் 7 ஆண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை. காக்கிச் சட்டைக்கு விலக்கு கிடையாது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் கோர்ட்டில் செல்லாது. அதை வைத்துப் பொருள் ஏதும் கண்டெடுத்தால் அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும்.

போலீஸ் பிடித்துப் போன ஒருவர் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம், கீழே "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்". அதைப் பார்த்துச் சிரித்துப் பகிர்கிறோம். அந்தக் கை யாருடையது? தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் அப்பாவும் மகனும் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தார்களே, அதற்குள் மறந்துவிட்டோமா?

அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, அதற்குச் சட்டப்படி கட்டுப்படும் ஏற்புறுதியை இன்னும் செய்யவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் காலாவதியாகிவிட்டது. நம் பெயரில்தான் அந்த லத்தி ஓங்கப்படுகிறது.

சரி, வீட்டில் யாரையாவது பிடித்துப் போனால்? பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இரணியலோ குழித்துறையோ, எந்தக் கோர்ட்டானாலும், அடித்திருந்தால் அங்கேயே வாய் திறந்து சொல்லுங்கள், மருத்துவப் பரிசோதனையும் கேளுங்கள்.