அவனும் அவரும்

எங்க ஊர் முக்கூடல் பக்கம். பீடி சுற்றுகிற வீடுகள் அதிகம். அம்மாவும் முப்பது வருஷமாகச் சுற்றுகிறாள். மடியில் சுளகு, அதில் வெட்டின இலை, தூள், நூல். எதிரே டிவி ஓடும். ஆனால் பீடி சுற்றுகிறவர்கள் டிவியைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். கண் இலையில் இருக்கும், சண்டை வந்தால் மட்டும் நிமிர்வார்கள். நடிகரின் முகத்தைவிடக் குரல்தான் அவர்களுக்கு நெருக்கம்.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. வேலை நேரத்தில் கூப்பிடாத அம்மா போன் பண்ணினாள். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து அன்று காலையில் இறந்துபோயிருந்தார். "நேத்து ராத்திரிதானய்யா அவன நாசமாப் போவான்னு ஏசினேன். அவரு போயிட்டாரே" என்றாள். குரல் உடைந்திருந்தது. அன்றைக்குக் கடைக்குக் கொடுக்க வேண்டிய பீடியும் குறைந்துபோனதாம்.

அந்த வாரம் எங்கள் ஆபீஸில், சீரியல் நடிகருக்காக அழுகிற பெண்களைப் பற்றி ஒரே கேலி. நடிப்பு எது, நிஜம் எது என்று தெரியாத ஜனங்களாம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அம்மா சொன்னதைத் திரும்ப ஒரு முறை படியுங்கள். வீட்டுப் பெண்களை அடக்கி வைத்த குணசேகரன் ‘அவன்’. தேனிப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து, பல வருஷம் உதவி இயக்குநராகப் பாடுபட்டு, படம் இயக்கி, அப்புறம் நடிகரான மாரிமுத்து ‘அவரு’. அழுகைக்கு நடுவிலும் அம்மா அந்த இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளவில்லை.

1956லேயே ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். திரையில் பேசுகிறவர் நம்மோடு நேரில் பேசுவது போலவே ஓர் உணர்வு வரும், தூரத்தில் இருந்தே நெருக்கம் உண்டாகும், ஆனால் அது ஒருபக்க உறவு என்றார்கள். ஒருபக்கம்தான், சரி. அந்தப் பக்கத்தில் இருக்கிற அம்மாவுக்கு, தினம் தவறாமல் ராத்திரி வந்து பேசுகிறவர் வேறு யார்? நான் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசுகிறேன்.

வில்லியாக நடிக்கிற பெண்ணைத் தேடிப்போய் போனில் கண்டபடி ஏசுகிறார்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அம்மா ஏசுவதெல்லாம் சுளகைத் தாண்டிப் போகாது.

பிறகு குணசேகரன் வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். முதல் நாள் அவர் பேசத் தொடங்கியதும் அம்மா சட்டென்று நிமிர்ந்தாளாம். தங்கச்சி சொன்னாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவரும் நல்லாத்தான் பேசுதாரு" என்று மறுபடி இலையை எடுத்திருக்கிறாள். குணசேகரனைத் திரும்ப ஏச அவளுக்கு இரண்டு மூன்று வாரம் ஆயிற்று.