கூட்டம் கிளம்பிய பிறகு ஊர் யாருக்கு?

சுற்றுலா ஊரில் குடியிருக்கும் எல்லோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சீசன் முடிந்துவிட்டதா? அப்படியானால் இந்த வாரமே ஒரு நாள் ஒதுக்கி உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்டால் அடுத்த கூட்டம் வந்துவிடும்.

சீசன் மாதங்களில் நாம் வாழும் விதத்தை யோசித்துப் பாருங்கள். கடைவீதியில் வேலை இருந்தால் கூட்டம் சேர்வதற்குள் போய் வந்துவிடுகிறோம். கோட்டைப் பக்கமும் பழைய தெருக்கள் பக்கமும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "அந்தப் பக்கம் போனா வண்டி நகராது" என்று வீட்டில் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்கிறோம். அதில் தப்பில்லை, அந்த நேரத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் கூட்டம் வடிந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மை விடுவதில்லை. சாலை காலியாகக் கிடக்கும்போதும் சுற்றுவழியில்தான் போகிறோம். இப்படியே வருடங்கள் ஓடிவிடுகின்றன. எங்கோ இருந்து விமானம் ஏறி வந்தவர் ரசித்துப் பார்த்துவிட்டுப் போன அருங்காட்சியகத்தை, பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது பார்த்ததோடு சரி என்று சொல்லும் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர்! எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

"பாதி இடம் மூடியிருக்கும், மழையும் குளிருமா இருக்கும், அப்போ போய் என்ன பார்க்கிறது?" என்று கேட்பார்கள். நிறையப் பார்க்கலாம். குளிர்காலம் உள்ள ஊர்களில் இலை உதிர்ந்த மரங்களுக்குப் பின்னால் கோடை முழுக்க மறைந்திருந்த கட்டடங்கள் முழுசாகத் தெரியும். நடுப்பகலிலும் சூரியன் தாழ்வாகவே நிற்பதால், புல்தரையில் தூர்ந்துபோன அகழியும் மண்மேடும் நிழல் விழுந்து தனியாகத் தெரியும். தொல்லியல் ஆய்வாளர்கள் வானிலிருந்து படம் எடுக்கத் தாழ்ந்த வெயிலைத் தேடுவது இதற்காகத்தான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது பழைய வரைபடத்தோடு நடப்பது. நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ உங்கள் ஊரின் பழைய வரைபடம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். இந்தத் தெரு ஏன் காரணமே இல்லாமல் வளைகிறது, அந்தச் சாலை மட்டும் ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்டுக்கொண்டே போனால் பதில் பெரும்பாலும் காலடியிலேயே கிடைக்கும். வியன்னாவின் புகழ்பெற்ற வட்டச்சாலை, நகர மதில்களை இடித்துவிட்டு அந்த இடத்தில் போட்டது. இடிக்கச் சொல்லிப் பேரரசரின் ஆணை வந்தது 1857-ல், சாலை திறந்தது 1865-ல். லண்டனில் ஃப்ளீட் என்று ஒரு ஆறே தெருவுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் நின்று நிதானமாகப் பார்க்கச் சீசனில் நடைபாதையில் இடம் கிடைக்காது. பின்னால் வருபவர் இடித்துத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். சீசன் முடிந்ததும் திறக்கும் நேரம், படகு நேரம், பேருந்து நேரம் எல்லாம் மாறிவிடும். பராமரிப்பு வேலைகளும் அப்போதுதான் நடக்கும். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சாரம் கட்டி வேலை நடக்கிற கட்டடத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கல்லை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள், விரிசலை எப்படி அடைக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் வேடிக்கை பாருங்கள். வழிகாட்டிகளுக்கும் அப்போதுதான் மூச்சுவிட நேரம் இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அவசரத்தில் சொல்லாமல் விட்ட கதைகளை உங்களுக்குச் சொல்வார்கள். கூலியை முழுசாகக் கொடுங்கள். வருமானம் குறைந்துபோன மாதத்தில் அவர்களிடம் பேரம் பேசுவது சரியில்லை.

ஊரே சேர்ந்து இப்படிச் செய்வதற்கும் உதாரணம் இருக்கிறது. வெனிஸில் 1630-31-ல் வந்த கொள்ளைநோயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மக்கள் செத்துப்போனார்கள். அந்த நோய் ஓய வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கட்டிய தேவாலயம் சாலூத்தே. கோடைக் கூட்டம் ஓய்ந்திருக்கும் நவம்பர் மாதம் 21-ஆம் தேதி, பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் அமைத்து, உள்ளூர்க் குடும்பங்கள் நடந்தே போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகின்றன. பகல் நேரத்துக்கு மட்டும் வந்துபோகிறவர்களிடம் 2024 முதல் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிற அளவுக்குக் கூட்டம் நெரிக்கும் ஊர் அது. இருந்தும் அந்த ஒரு நாளை வெனிஸ்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே வெனிஸின் பழைய நகரத்தில் 1951-ல் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். 2022-ல் அது 50,000-க்குக் கீழே போய்விட்டது. சீசன் முடிந்த பிறகு ஊரைச் சுற்றுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இருட்டியதும் பழைய தெருக்களில் நடந்து மேல்மாடி ஜன்னல்களை அண்ணாந்து பாருங்கள். சீசனில் எல்லா ஜன்னலிலும் விளக்கு எரியும், யார் குடியிருக்கிறார்கள், யார் வந்துபோகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது தெரியும். தினமும் இருட்டாகவே கிடக்கிற மாடிகளில் பலவற்றில் குடும்பம் இல்லை, நாள்வாடகைக்கு விடுகிறார்கள். கீழே கடைகளையும் கவனியுங்கள். எது திறந்திருக்கிறதோ அது நமக்கான கடை. மருந்துக்கடை, மளிகை, செருப்பு தைக்கிற இடம் எல்லாம் இருக்கிறதா, இல்லை தெரு முழுக்க ஷட்டர்தானா?

இதற்காக வருகிறவர்கள்மேல் கோபப்பட எனக்கு விருப்பமில்லை. நாமும் இன்னொரு ஊருக்குப் போனால் சுற்றுலாப் பயணிதானே. முடிவெடுக்க வேண்டியது ஊர் நிர்வாகம். சுற்றுலா வாடகைக்கு விடப்படும் சுமார் 10,000 வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று பார்சிலோனா 2024-ல் அறிவித்தது. ஆம்ஸ்டர்டாமில் சுமார் 30,000 பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்ட பிறகு, வருடத்துக்கு 2 கோடி இரவுத் தங்கல்களுக்கு மேல் போனால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நகர மன்றம் 2021-ல் விதி கொண்டுவந்தது. கேட்டவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். உங்கள் ஊரில் நிர்வாகம் இதைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்தினால் டிராஃபிக்கைப் பற்றிப் புகார் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். எந்தத் தெருவில் எத்தனை மாடி இருட்டாகக் கிடக்கிறது, எந்தத் தெருவில் கடைசி மளிகைக் கடையும் போய்விட்டது என்று எழுந்து சொல்ல, இந்த மாதங்களில் நடந்து பார்த்தவரால்தான் முடியும்.